முயலின் புழுக்கை குறைந்தால்...

கேள்வி: எங்கள் ஆண் முயலுக்கு நேற்று கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. புழுக்கை சின்னதாக, கொஞ்சமாகத்தான் வருகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: மயக்க மருந்தும் வலியும் குடலை மந்தமாக்கிவிடும், அதனால் முதல் ஓரிரு நாள் புழுக்கை சிறுத்துக் குறைவது சகஜம்தான், ஆனால் முயல் சாப்பிடுகிறதா என்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள். கூண்டில் வெள்ளைத் துணி விரித்தால் எத்தனை விழுந்தது என்று தெரியும். ஒன்றை நசுக்கிப் பாருங்கள், உள்ளே நார் நாராக இருந்தால் நல்லது. கொத்தாக, மினுமினுப்பாக ஒட்டியிருப்பது வேறு வகை, அதை முயலே தின்றுவிடும், தடுக்காதீர்கள். உலர்புல் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அப்புறம், வலி மருந்தை மருத்துவர் சொன்னபடி தவறாமல் கொடுங்கள், வலி இருந்தால் முயல் தீனியைத் தொடாது. 12 மணி நேரமாகத் தின்னாமல், புழுக்கையும் போடாமல், பல்லை நறநறவென்று கடித்தபடி குறுகி உட்கார்ந்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.