கேள்வி-பதில்: ஜன்னல் இருக்கிறது, காற்று எங்கே?

மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி, அதன் படுக்கையறையின் புழுக்கத்தைப் பற்றிப் போன தடவை போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். புழுங்குகிறவர்கள் இத்தனை பேர் என்று அப்போது தெரியாது. வந்த கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: கட்டிலின் இரு பக்கமும் ஸ்லைடிங் ஜன்னல்கள். இரண்டையும் திறந்தாலும் காற்று அசைவதே இல்லை. இதைவிடப் பெரிய ஜன்னலாக வாங்கி மாட்டிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஜன்னல் விற்கிறவர்கள் மீது எனக்கு வெகுநாள் கோபம் ஒன்று உண்டு. அதைக் கொட்ட வழி செய்துவிட்டீர்கள். அவர்கள் போடுவது சட்டத்தின் அளவு, காற்று நுழையும் வழியின் அளவு அல்ல. அகலம் 30 அங்குலம், உயரம் 20 அங்குலம் என்று பார்த்ததும் நாம் 600 சதுர அங்குலம் என்று பெருக்கிக்கொள்கிறோம். ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால்தான் போய் நிற்கும். பாதி போயிற்று, 300. சட்டமும் நடுக்கம்பியும் இன்னும் கொஞ்சம் தின்னும். மிச்சத்தை கொசுவலை மறைக்கும். வலைக்கண் பொடியாகப் பொடியாகக் காற்றும் குறையும். 'திறக்கும் பரப்பு இவ்வளவு' என்று பெட்டியில் ஒரு வரி அச்சடிக்க என்ன கேடு? எந்தக் கடையில் கேட்டாலும் விற்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

மேலே கீல் வைத்து வெளியே தள்ளித் திறக்கும் ஜன்னலும், பட்டை பட்டையாகத் திரும்பும் லூவர் ஜன்னலும் அதே அளவுச் சட்டத்தில் ஏறக்குறைய முழுசாகத் திறக்கும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த வகைக்கு மாறுங்கள். லூவர் இறுக்கமாக மூடாது, குளிரில் கசியும். அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஆனால் உங்கள் வண்டியில் குறை ஜன்னலில் இல்லை என்றே நினைக்கிறேன். உள்ளே இருப்பது வெளியே போனால்தானே புதிதாக ஒன்று உள்ளே வரும்? வெளிக்காற்று வீசாத இரவில் அதை இழுத்து வெளியே தள்ள ஒன்று வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் குளியலறைக் கூரையிலோ நடுவிலோ ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கும். இன்றிரவு அதைப் போடுங்கள். முன்பக்க ஜன்னல், கதவு எல்லாவற்றையும் மூடிவிட்டு, கட்டிலோர ஜன்னல் ஒன்றை மட்டும் ஒரு சாண் திறந்து வையுங்கள். படுக்கையறைக்கும் ஃபேனுக்கும் நடுவில் உள்ள கதவுகள் திறந்திருக்கட்டும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி திறந்திருந்தால் காற்று அதிலேயே வந்து அதிலேயே போய்விடும், உங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஜன்னலில் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் வளைந்தால் ஒரு காசு செலவில்லாமல் வேலை முடிந்தது.

கேள்வி: ஜன்னலில் மாட்டும் சோலார் ஃபேன் நன்றாக வேலை செய்யுமா?

பதில்: நடுராத்திரியில் வெயில் அடித்தால் செய்யும்.

நான் இரண்டு வாங்கினேன். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று! உள்ளங்கை அளவுப் பலகை, சுமார் 10 செ.மீ. சதுரம். உச்சி வெயில் நேராக விழுந்தாலும் அதன் மேல் படுவது 10 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமானால் 2 வாட். கூரையில் பொருத்தும் 12 வோல்ட் ஃபேன் முழு வேகத்தில் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் எடுக்கும். இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன் போட எனக்கு ஏனோ தோன்றவில்லை.

கேள்வி: பழைய மோட்டார்ஹோம் வாங்கினோம். 'படுக்கையறையில் பெரிய ஜன்னல், முழுசாகத் திறக்கும்' என்று விளம்பரம். வந்து பார்த்தால் அது அவசரகால வழியாம். சிவப்புக் கைப்பிடி, வலை கிடையாது, கையை விட்டால் மூடிக்கொள்கிறது. குச்சி முட்டுக் கொடுத்துத் தூங்குகிறோம். ஏமாந்துவிட்டோமா?

பதில்: நீங்கள் ஏமாறவில்லை, ஏமாற்றப்பட்டீர்கள். திறக்கும் என்றால் காற்றுக்காகத் திறக்கும் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். விளம்பரத்தின் படம் இன்னும் கையில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஜன்னலை மாற்றும் செலவில் பங்கு கேட்டு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவார்.

மாற்றும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். நெருப்புப் பிடித்தால் நீங்கள் வெளியேறப்போவது அந்த ஜன்னல் வழியாகத்தான். அதே அளவில் அவசர வழியாகவும் இருந்து, நடுவில் ஒரு ஸ்லைடிங் பகுதியும் வலையும் உள்ள ஜன்னல்கள் கிடைக்கின்றன. அதையே கேளுங்கள். இப்போதிருக்கும் ஜன்னலில் வலையை ஸ்க்ரூ போட்டு முடுக்குவது, ஃபேனைச் செருகுவது, முன்னால் அலமாரி வைப்பது எதுவும் வேண்டாம். மாதம் ஒரு முறை திறந்து மூடுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: வெளியே தள்ளித் திறக்கும் ஜன்னல். ஓடும்போது காற்று வரட்டும் என்று திறந்து வைத்தேன். நெடுஞ்சாலையில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வாரன்டியில் தர மறுக்கிறார்கள்.

பதில்: தரமாட்டார்கள். நானாக இருந்தாலும் தரமாட்டேன். பின்னால் வந்த வண்டிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கேள்வி: பழைய ஜன்னலை அளந்து அதே அளவில் ஆன்லைனில் வாங்கினேன். துளைக்குள் போகவில்லை. திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

பதில்: வெளிச்சட்டத்தை அளந்திருப்பீர்கள். திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அப்படித்தான் அளந்தேன், அந்த ஜன்னல் இன்னும் என் ஷெட்டில் சாய்ந்து நிற்கிறது. உள்பக்க வளையத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, சுவரில் வெட்டியிருக்கும் துளையை அளக்க வேண்டும். சுவரின் கனமும் வேண்டும். ஜன்னல் சுவரைக் கவ்விப் பிடிப்பது அந்தக் கனத்துக்கு ஏற்றபடிதான். மூலையின் வளைவையும் ஒரு அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். துளையைப் பெரிதாக வெட்டி உள்ளே நுழைத்துவிடலாம் என்று மட்டும் போகாதீர்கள், உள்ளே சட்டக்கட்டையோ ஒயரோ ஓடலாம்.

பொருத்தும்போது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பசை நாடா) போடுங்கள், சிலிகான் பசை வேண்டாம். சிலிகான் பட்ட இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. அப்புறம், சட்டத்தின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் தண்ணீர் வடிய வைத்தவை. 'ஒழுகுமே' என்று அதையும் அடைத்தவர்கள் இந்த மாதம் மூன்று பேர்.

கேள்வி: குளிர் நாட்களில் காலையில் கண்ணாடியெல்லாம் நீர் வடிகிறது. ஈரம் உறிஞ்சும் டப்பா நான்கு வைத்தும் பயனில்லை. தரையோரம் இருந்த ஓட்டைகளையும் டேப் போட்டு மூடிவிட்டேன்.

பதில்: முதலில் எழுந்து போய் அந்த டேப்பைப் பிரியுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

பிரித்தாயிற்றா? அவை குளிரைக் கொண்டுவர வைத்த ஓட்டைகள் அல்ல. காஸ் அடுப்பும் ஹீட்டரும் உள்ள வண்டியில் நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டியவை. இதற்கென்றே ஐரோப்பாவில் ஈ.என். 721 என்று ஒரு தரவிதி இருக்கிறது. அடைத்தால் கார்பன் மோனாக்சைடு தங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். படுக்கையறையில் இந்த வாயுவைக் கண்டு கத்தும் அலாரம் இருக்கிறதா? அதன் மேல் அச்சடித்த காலாவதித் தேதியைப் பார்த்தீர்களா? ஜெனரேட்டர் ஓடும் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டால் புகையை நீங்களே உள்ளே இழுக்கிறீர்கள்.

நீருக்கு வருவோம். இரண்டு பேர் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு இரவில் சுமார் அரை லிட்டர் நீர் காற்றில் சேரும். டப்பா அதில் கொஞ்சத்தைத்தான் குடிக்கும். கூரைத் திறப்பை விரலளவும் ஜன்னலை விரலளவும் திறந்து வைத்துவிட்டு இன்னொரு போர்வை போர்த்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும் என்று போட்டிருந்த கூரை ஃபேனை ஆர்டர் செய்தேன். வந்தது வெளியே மட்டும் தள்ளுகிறது. புகாரை விட்டுவிட்டால் பத்தில் ஒரு பங்கு பணம் தருகிறார்களாம், யோசிக்க இரண்டு வாரம் அவகாசமாம்.

பதில்: அந்த இரண்டு வாரம் உங்களுக்கு அல்ல, அவர்களுக்கு. திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்துவிடும். இன்றே, வாங்கிய தளத்தின் புகார்ப் பகுதியிலேயே எழுதுங்கள். விளம்பரத்தின் படமும், ஃபேன் ஓடும் வீடியோவும் சேருங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இந்தப் பணத்தை ஏற்கவில்லை என்று வங்கியிடமும் மறுப்புப் பதிவு செய்யலாம், அதற்கும் கெடு உண்டு. கொஞ்சப் பணத்தை வாங்கிக்கொண்டு சம்மதித்துவிட்டால் பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. முழுப் பணம் வராமல் விடாதீர்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

கேள்வி: எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தால் காற்று நன்றாக வரும்?

பதில்: ஜன்னல் பக்கம்.