கடை வாசல் சிலாப்பில் தடுக்கி விழுந்தால் கடைக்காரரிடம் நட்டஈடு கேட்கலாமா?

கிளிநொச்சியில் ஒரு கடைக்கு முன்னால் நடைபாதை மேடுபள்ளத்தில் தடுக்கி விழுந்து அம்மாவின் மணிக்கட்டு முறிந்துவிட்டது, காணிச் சொந்தக்காரர் பொறுப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சட்டத்தரணி இல்லை. போன மாரியில் எங்கள் மாமி விழுந்ததால் இந்த அலைச்சலைக் கொஞ்சம் பட்டவன், அவ்வளவுதான்.

மாமி விழுந்ததும் ஏ9 வீதியோரத்தில்தான். கானுக்கு (மழைநீர் ஓடும் வடிகாலுக்கு) மேல் ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலுக்கு ஏற்ற உயரத்தில் கொங்கிறீட் சிலாப்பு போட்டிருக்கிறார். ஒரு சிலாப்பு இரண்டு அங்குலம் உயரம், பக்கத்தில் உள்ளது தாழ்வு. அன்றைக்கு மழைத்தண்ணீர் முட்டி நின்றதில் ஓரம் தெரியவில்லை. கால் இடறி, மரக்கறிப் பையோடு விழுந்தார். முழங்கால் சிரட்டை வெடித்துவிட்டது.

நியூயோர்க்கில் இருக்கும் மச்சான் உடனே போன் எடுத்து, "காணிக்காரன்மேல வழக்குப் போடுங்கோ" என்றார். அது அங்கத்தைய சட்டம். 2003இலிருந்து அந்த நகரத்தில் நடைபாதையைச் சரியாக வைத்திருக்காமல் யாருக்காவது காயம் வந்தால், அதை ஒட்டிய காணிச் சொந்தக்காரரே பொறுப்பு. சொந்தக்காரரே குடியிருக்கும், மூன்று குடும்பத்துக்கு மேற்படாத வீடுகளுக்கு விலக்கு உண்டு.

இங்கே இலங்கையில் உரோமன் டச்சுச் சட்டம், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த பொதுச் சட்டம். காணிக்குப் பக்கத்தில் நடந்தது என்பது மட்டும் போதாது. யாருடைய கவனக்குறைவு, அதனால்தான் காயமா, உங்களுக்கு என்ன நட்டம் என்று மூன்றையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். அதனால் நான் முதலில் கேட்பது, அந்தச் சிலாப்பைப் போட்டது யார்? கடைக்காரர் தன் வசதிக்குப் போட்டது என்றால் அவரைப் பிடிக்க வழி இருக்கிறது. பிரதேச சபை போட்டுப் பராமரிக்காமல் விட்டது என்றால் கதை வேறு. பிரதேச சபைமேல் வழக்கென்றால் ஒரு மாதம் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். சாதாரணமாக நட்டஈட்டு வழக்குக்கு 2 வருசம் இருக்கிறது. சபைக்கு எதிராக அவ்வளவு காலம் இல்லை. ஆறப் போடாதீர்கள். அம்மாவும் பார்க்காமல் நடந்தார் என்று நிரூபித்தால் தொகையைக் குறைப்பார்கள். வழக்கு முற்றாக விழாது.

அப்புறம் படம். நாங்கள் எடுத்த முதல் படங்கள் ஒன்றுக்கும் உதவவில்லை, மாமியின் காலும் கூட்டமும்தான் தெரிந்தன. அடுத்த நாள் தண்ணீர் வடிந்தபிறகு மகனின் அடிமட்டத்தை (அளவுகோலை) சிலாப்போடு நிறுத்திவைத்து எடுத்தேன். அதுதான் பேசியது. பொலிசில் ஒரு முறைப்பாடு, ஆசுப்பத்திரித் துண்டுகள், ஓட்டோக் கூலிக் கணக்கு எல்லாவற்றையும் வைத்திருங்கள். அரச ஆசுப்பத்திரி என்றபடியால் மருந்துச் செலவு பெரிதாக வராது, நாட்கூலி இழந்ததைத்தான் எழுதி வைக்க வேண்டும்.

சின்னத் தொகை என்றால் நீதிமன்றத்துக்கு முன், இரு பக்கத்தையும் பேசித் தீர்க்க வைக்கும் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். நாங்களும் அங்கேதான் முடித்தோம். கடைக்காரர் முதல் நாள் "கண் தெரியாதோ" என்று கத்தினார். அடிமட்டப் படத்தைப் பார்த்தபிறகு சத்தம் இறங்கியது. ஓட்டோக் கூலியும், மாமி இடியப்பம் விற்காமல் இருந்த ஆறு கிழமைக்கு ஒரு தொகையும் தந்தார். சிலாப்பின் ஓரத்தையும் செதுக்கிச் சரிவாக்கிவிட்டார்.

மாமி இன்னும் வீதியின் மற்றப் பக்கத்தால்தான் சந்தைக்குப் போகிறார்.