கீழாநெல்லி காமாலை வைரஸைக் கொல்லுமா?
அரூர் பக்கம் மழை பெய்தால் வரப்பெல்லாம் கீழாநெல்லிதான்; மோரில் அரைத்துக் குடித்தால் காமாலை வைரஸ் செத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வாளர்களுக்கே அந்த ஆசை இருந்தது. 1988-ல் சென்னையில் ஹெபடைடிஸ் பி (பி வகைக் காமாலை) கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லியை 30 நாள் கொடுத்துப் பார்த்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

சோதனைக் குழாயில் சாறு வைரஸைத் தடுப்பது பெரிய விஷயமே இல்லை. நம் செல்லையும் சேர்த்துக் கொன்றால் என்ன லாபம்? சாற்றைப் பிரித்துப் பிரித்து, வேலை செய்யும் சேர்மத்தைப் பிடிப்பதில்தான் ஆண்டுகள் கரைகின்றன.

ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பேர் என்னவோ கீழாநெல்லிக்கு! கண் மஞ்சளானால் முதலில் எந்த வகை என்று ரத்தம் பார்த்துவிடுங்கள்.