சிஸ்கோப்பில் தேடல் முடிவுகள் குவிந்தால் என்ன செய்வது?

சி நிரல்களுக்குள் தேட உதவும் சிஸ்கோப் (cscope) கருவியில், லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிரலில் நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷனான கேமல்லாக் (kmalloc) என்று தேடினால் முடிவுகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, எப்படிச் சுருக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், எந்த வரியில் தேடுகிறீர்கள் என்று பாருங்கள். சிஸ்கோப் திரையின் கீழே உள்ள தேடல் வகைகளில் முதல் வரி பெயர் வரும் எல்லா இடத்தையும் அள்ளிக்கொண்டு வரும். அந்த ஃபங்ஷனை அழைப்பவர்கள் மட்டும் போதும் என்றால் அதற்கெனத் தனி வரியே இருக்கிறது. ஆனால் பெயரைச் சொல்லாமல் பாயின்டர் (ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறி) வழியாக நடக்கும் அழைப்புகள் அதில் சிக்காது.

அப்புறமும் நிறைய வந்தால், முடிவுகள் திரையில் இருக்கும்போதே தொப்பிக் குறியை (^) அழுத்துங்கள். ஷெல் கட்டளை கேட்கும். அங்கே வரிகளைத் தேடும் கட்டளையான கிரெப்பை, பொருந்தும் வரிகளை நீக்கும் மைனஸ் வி-யோடு (grep -v) கொடுத்து, டிரைவர்ஸ் அடைவின் பெயரைப் போட்டால் அந்த வரிகள் கழிந்துவிடும். பெயருக்குப் பின்னால் சாய்கோட்டையும் (/) சேருங்கள். இல்லாவிட்டால் நிரல் வரிக்குள் அந்தச் சொல் இருந்தாலும் அதுவும் போய்விடும். பலருக்கும் தெரியாத வசதி, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

தொப்பிக் குறி முடிவுகளின் பட்டியலையே மாற்றிவிடும். சும்மா வடிகட்டிப் பார்க்க மட்டும் என்றால் செங்குத்துக் கோடு (|) போதும், பட்டியல் அப்படியே இருக்கும். வலப்பக்க அம்புக்குறி (>) பட்டியலைக் கோப்பில் சேமிக்கும், இடப்பக்கக் குறி (<) மறுநாள் திரும்ப ஏற்றும்.