ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்க ஒரு வாக்கி டாக்கி போதுமா?

போதாது. இரண்டு வண்டியில் போகிறோம், முன்வண்டியில் மட்டும் கையில் பிடிக்கும் செட் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வண்டியிலுமே பொருத்திய 5 வாட் யுஎச்எஃப் சிபி (வண்டிக்கு வண்டி பேசும் பொதுச் சேனல் ரேடியோ) வேண்டும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் உள்ள பாதை அது. ஏறும்போது முன்கண்ணாடியில் வானம்தான் தெரியும். மறுபக்கம் இன்னொருவர் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கலாம். வண்டியில் கொடி கட்டாயம், அதன் உச்சி தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். ஆனாலும் கொடி கண்ணில் படும்போது இருவரும் மிக அருகில் வந்திருப்பீர்கள். ரேடியோ அதற்கு வெகுநேரம் முன்பே சொல்லிவிடும்.

அங்கே எல்லோரும் கேட்பது சேனல் 10. அவ்வப்போது "ஃப்ரெஞ்ச் லைன், கிழக்கே போகிறோம், இரண்டு வண்டி" என்று, போகும் பாதையின் பெயரோடு சொல்லுங்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டால், முதல் வண்டிக்கு வழிவிட்டவர் அடுத்தது வருவது தெரியாமல் மேட்டில் ஏறிவிடுவார். நீங்கள் பேசிக்கொள்ள வேறு சேனல் வைத்தாலும் 10 ஸ்கேனில் இருக்கட்டும், செட் அதையும் கவனித்துக்கொண்டிருக்கும். சிடிசிஎஸ்எஸ் குறியீட்டை, அதாவது அதே குறியீடு வைத்தவர் குரலை மட்டும் கேட்கவிடும் வடிகட்டியை, அணைத்துவிடுங்கள். மலிவான செட்டுகளில் அது தெரியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். அப்போது உங்கள் நண்பர் பேசுவது கேட்கும், எதிரே வருபவர் பேசுவது கேட்காது.

கையடக்க செட்டின் சிக்கல் வாட் மட்டுமல்ல. இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்து பேசினால் அலையில் பெரும்பகுதி வெளியே போகாது. ஆன்டெனா புல்பாரிலோ (வண்டியின் முன்பக்கப் பாதுகாப்புச் சட்டம்) கூரையிலோ இருக்க வேண்டும். 9 டிபிஐ (அலையை ஒரு திசையில் குவிக்கும் அளவு) ஆன்டெனா வாங்காதீர்கள்: அதன் வீச்சு தட்டையானது, வண்டி மேட்டில் சாய்ந்ததும் வானத்துக்கோ மண்ணுக்கோ போய்விடும். 3 முதல் 6 டிபிஐ மணல்மேட்டுக்குப் பொருத்தம். மின்சாரத்தை ஃபியூஸ் வைத்து நேராக பேட்டரியிலிருந்து எடுங்கள். யுஎஸ்பி சார்ஜரோடு ஒரே வயரில் சேர்த்தால் இரைச்சல் வரும். கையடக்க செட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சிக்கிய வண்டியை இழுக்கும்போது வெளியே நின்று வழிகாட்ட அதுதான் வசதி.

அது மட்டும் வைத்தே கடந்தோம் என்று சிலர் சொல்வார்கள். எதிரே யாரும் வராத நாளில் அது முடியும். அந்த நாள் எது என்று முன்கூட்டியே தெரியாது.

யுஎச்எஃப் சில கிலோமீட்டர்தான் எட்டும். 5, 35 அவசரச் சேனல்கள், ஆனால் நடுப்பாலையில் கேட்க ஆள் இருக்க வேண்டுமே. சாட்டிலைட் போனும், பதிவுசெய்த 406 மெகாஹெர்ட்ஸ் பிஎல்பியும் (சாட்டிலைட் வழியே அபாய அழைப்பு அனுப்பும் கையடக்கக் கருவி) தனியாக வேண்டும்.

கேட்காத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. டயரில் நெடுஞ்சாலைக்கான காற்றழுத்தத்தோடு வந்து, ஏற முடியாமல் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து மேடுகளைக் குழியாக்கிப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பின்னால் வரும் ஒவ்வொருவரின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அந்தக் குழிகளில் அடி வாங்குகின்றன. டயர் காற்றை 16–18 பிஎஸ்ஐக்குக் குறைத்துத் தொடங்குங்கள். ஏறவில்லையென்றால் மறுபடி வேகமெடுக்காமல் இறங்கி இன்னும் 2 குறையுங்கள். பர்ட்ஸ்வில் ஊர்ப் பக்கத்துப் பிக் ரெட் என்ற பெரிய மணல்மேட்டுக்கு 14 வரை தேவைப்படலாம். அந்தக் காற்றில் சட்டென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மறுபடி காற்றடிக்கக் கம்ப்ரஸர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.