பாட்டு கேட்கிறது, பேச்சு புரியவில்லை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. டிவி சத்தத்தை 40-க்கு ஏற்றி வைக்கிறார். எங்களுக்குக் காது கிழிகிறது. குறைத்தால் 'என்ன பேசுறாங்கன்னே புரியல' என்கிறார். ஆனால் பாட்டு வந்துவிட்டால் அதே 40 அவருக்கே தாங்குவதில்லை. இது பிடிவாதமா, காது மந்தமா?

பதில்: பிடிவாதம் இல்லை. அந்தப் பழியை முதலில் இறக்கி வையுங்கள். வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற மேல் ஒலிகளை. ச, ஸ, ஃப எல்லாம் அந்தப் பக்கம். ஆ, ஓ, ஊ தாழ்ந்த ஒலிகள் என்பதால் தப்பிவிடும். ஆகவே குரல் கேட்கும், சொல் பிரியாது. கூடவே, மெல்லிய ஒலி எட்டாத காதுக்கு உரத்த ஒலி சட்டென்று உறைக்கும். பாட்டுக்கு அவர் முகம் சுளிப்பது அதனால்தான்.

மீதிக் குற்றம் டிவியுடையது. தட்டை டிவியில் ஸ்பீக்கர் பெரும்பாலும் அடியிலோ முதுகிலோ இருக்கிறது. ஒலி சுவரிலோ மேசையிலோ மோதித்தான் வருகிறது. ஓடிடி படங்களில் 5.1 ஒலியை (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் பெட்டிக்கும் பிரித்துப் பதிவானது) தேர்ந்திருந்தால், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று பதிவாகியிருக்கும். இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவியில் அது இசையோடு கலந்து அமுங்கிப்போகும்.

படம் ஓடும்போதே ஆடியோ மெனுவைத் திறந்து 5.1-ஐ விட்டு இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். பிறகு டிவியின் சவுண்ட் அமைப்பில் 'கிளியர் வாய்ஸ்' போன்ற பேச்சு மோடு. தாழ்ந்த ஒலியான பேஸ் 3 படி கீழே, மேல் ஒலியான டிரெபிள் 2 படி மேலே. 'ஆட்டோ வால்யூம்' இருந்தால் அதையும் போடுங்கள், விளம்பரம் அலறாது. சவுண்ட்பார் வாங்குவதென்றால் 3.1 வாங்குங்கள். 2.1-ல் நடு ஸ்பீக்கர் கிடையாது. புளூடூத் ஹெட்போன் மாட்டினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் வசதி உண்டா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் புரியவில்லை என்றால் காது பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டுக்கும் ஒரே ரிமோட். அம்மா ஆன் செய்தால் சில நாள் 'நோ சிக்னல்' வருகிறது. மறுபடி அழுத்தினால் டிவி அணைந்துவிடுகிறது. 'எனக்கு இதெல்லாம் வராது' என்று எழுந்து போய்விடுகிறார்.

பதில்: அம்மா தப்பாக அழுத்தவில்லை. அந்த ஒரே பட்டன் விழித்திருப்பதைத் தூங்கவைக்கும், தூங்குவதை எழுப்பும். என்றைக்கோ ஒன்றுக்கு மட்டும் சிக்னல் போய்ச் சேராவிட்டால், அதன்பின் ஒன்று எழும்போது மற்றது தூங்கும். பாக்ஸின் முகப்பை ஒரு கையால் பொத்திக்கொண்டு டிவியை நோக்கி ஒருமுறை அழுத்துங்கள், ஜோடி சேர்ந்துவிடும். நிரந்தரத் தீர்வு எச்டிஎம்ஐ-சிஇசி, அதாவது எச்டிஎம்ஐ கேபிள் வழியே ஒரு கருவி மற்றதை இயக்கும் வசதி. சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர் மாறும். பாக்ஸிலும் அந்த வசதி இருந்தால், ஒன்றை எழுப்பினால் மற்றதும் எழும், உள்ளீடும் தானே மாறும். சேனல் எண்ணை விரலில் வைத்திருப்பவருக்கு, ஆன் செய்ததும் சேனல் வந்து நிற்க வேண்டும். 'எந்த ஆப்?' என்று டிவி திருப்பிக் கேட்கக்கூடாது.

கேள்வி: பேரன் எதையும் 1.5 வேகத்தில், சப்டைட்டிலோடுதான் பார்க்கிறான். சேர்ந்து உட்கார முடியவில்லை.

பதில்: சப்டைட்டில் இருக்கட்டும், எழுத்தைப் பெரிதாக்கிக் கறுப்புப் பின்னணி வைத்தால் உங்களுக்கும் உதவும். வேகத்தில் மட்டும் அவன் இறங்கி வரட்டும். வேகமான பேச்சைப் பிரித்தறிய வயதான மூளைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். சேர்ந்து பார்க்கும்போது 1.0 போதும்.