வாசகர் வினா–விடை: பின்னர் திருத்தியது மூலக்கதையாகுமா?

கேள்வி: எண்பதுகளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்து ‘ஸ்டார் வார்ஸ்’ படம் போட்டார்கள். மதுச்சாலையில் தன்னைப் பிடிக்க வந்த கிரீடோவை, கடத்தல்காரன் ஹான் சோலோ சுட்டு வீழ்த்தியதை நான் கண்ணாரக் கண்டேன். என் மகன் பார்த்த இறுவட்டிலோ கிரீடோதான் முதலில் சுடுகிறான். “எடுத்தவரே மாற்றிவிட்டார் அப்பா, இனி இதுதான் உண்மை” என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்புடையீர், உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை. 1977 இல் திரைக்கு வந்த படத்தில் சுடுபவன் சோலோ ஒருவனே. 1997 இல் படத்தை மறுபடி வெளியிட்டபோது இயக்குநர் ஜோர்ஜ் லூக்காஸ் கிரீடோவை முதலில் சுட வைத்தார். ஒரு மேசை அகலத்தில் எதிரே இருப்பவனை நோக்கிய அந்தக் குறி தப்பிவிடுகிறது. 2004 இலும் 2019 இலும் அதே காட்சியில் மீண்டும் கைவைத்தார்கள். பார்வைக்கு இது ஒரு நொடி விடயம். ஆனால் தன் உயிரையும் பணத்தையும் தவிர வேறெதையும் எண்ணாத ஒருவன், இறுதிப் போரில் நண்பனைக் காக்கத் திரும்பி வருகிறான் என்பதே அப்பாத்திரத்தின் உயிர்நாடி. தொடக்கத்திலேயே அவனுக்கு நியாயம் கற்பித்துவிட்டால் அவன் கடந்துவந்த தூரம் குறைந்துபோகிறது. இதில் நான் உங்கள் பக்கம்.

ஆயினும், படைத்தவருக்குத் திருத்தும் உரிமை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘ஹொபிட்’ நாவல் 1937 இல் வெளிவந்தபோது, விடுகதைப் போட்டியில் தோற்ற குகைவாசி கோல்லம், பந்தயமாக வைத்த மோதிரத்தைத் தேடிக் காணாமல் மன்னிப்புக் கேட்டு, கதாநாயகன் பில்போவுக்கு வெளியேறும் வழியைக் காட்டிவிடுகிறான். பின்னர் எழுதிய ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ என்ற பெருங்கதையிலோ அந்த மோதிரம் மனதாரக் கைவிட முடியாத தீய பொருளாகிவிட்டது. ஆகவே 1951 பதிப்பில் அவர் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார்: பந்தயம் வழிகாட்டுவது மட்டுமே, மோதிரத்தைப் பறிகொடுத்த கோல்லம் “கள்வன்” என்று அலறுகிறான். அதற்குப் பின் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மோதிரத்தைத் தனக்கே உரியதாகக் காட்டுவதற்காக பில்போ நண்பர்களிடம் சொன்ன பொய்யே பழைய வடிவம் என்று, பின்வந்த நூலின் முன்னுரையில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தார். நேர்மையான ஒருவனைப் பொய் சொல்ல வைத்ததே மோதிரத்தின் முதல் வேலை என்றாகி, கதை இன்னும் ஆழம் பெற்றது.

1893 இல் தன் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்திய கோனன் டொயில், 1903 இல் அவரை மீட்டபோது பழைய கதையில் ஒரு வரியையும் தொடவில்லை. அருவி முனைவரை சென்று திரும்பாத காலடித் தடங்களையும் ஒரு கடிதத்தையும் கதைசொல்லும் நண்பர் வாட்சன் கண்டாரேயன்றி, வீழ்ந்ததைக் காணவில்லை. ஆகவே பழைய கதையைப் பொய்யாக்காமலே அவரை மீட்க முடிந்தது.

நம்மூர்ப் பாறைப் பிளவான இராவணன் வெட்டின் கதையைப் பாட்டிமார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வர். அதற்கு முதற்பதிப்பு என்று ஒன்று இல்லாததால் இந்த வழக்கே எழுவதில்லை. அச்சிலும் திரையிலும் வந்த கதைக்கு நாள் உண்டு, அன்று அதைக் கண்ட சாட்சிகளும் உண்டு. முன்னையதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் திருத்தம் மூலக்கதைக்குள், அதாவது உண்மையென ஏற்கப்படும் கதைக்குள், சேரும். அதை இல்லாததாக்க முனைவது இன்னொரு வடிவமாக மட்டுமே நிற்கும் என்பது என் முடிபு.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. இனி வரும் தொடர்ச்சிகள் எதைப் பின்பற்ற வேண்டும் என்பதை உரிமையாளர் தீர்மானிக்கலாம். 2014 இல் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம் அதுவரை வந்த நாவல்களையும் சித்திரக்கதைகளையும் ‘லெஜண்ட்ஸ்’ என்று பெயரிட்டு ஒதுக்கியதும் அவ்வகையானதே. 1977 இல் மக்கள் கண்டதை மாற்றும் அதிகாரம் அதில் அடங்காது. 2006 இல் வந்த இறுவட்டுத் தொகுதியில் பழைய வடிவமும் மேலதிக வட்டாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அது கைக்கு எட்டினால், அந்த மதுச்சாலைக் காட்சியை இரு வடிவிலும் மகனோடு சேர்ந்திருந்து பாருங்கள்.